பழைய பிரம்பு நாற்காலியைப் பிரித்துப் பின்னுவது எப்படி

பிரம்பு நாற்காலியின் நடுவில் ஓட்டை விழுந்துவிட்டால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். முதலில் அதன்மேல் ஒரு தலையணையைப் போட்டுச் சமாளிப்பார்கள். அப்புறம் யாராவது ஒட்டுப்பலகையை அளவாக வெட்டி நான்கு ஆணி அடிப்பார்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் வயர் பின்னிவிடுவார்கள். கால் ஆட ஆரம்பித்ததும் நாற்காலி மொட்டை மாடிக்குப் போய், ஒரு மழைக்காலம் நனைந்து, கடைசியில் பழைய சாமான் எடுப்பவரின் தள்ளுவண்டியில் ஏறிவிடும். தேக்கிலோ ஈட்டி மரத்திலோ செய்த, இன்னும் ஐம்பது வருடம் உழைக்கக்கூடிய ஒரு நாற்காலி இப்படிப் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பிரம்பு ஒருநாள் அறுந்துபோகும் என்பது அதைச் செய்த ஆசாரிக்குச் செய்யும்போதே தெரியும். பிற்பாடு மாற்றிக்கொள்ளட்டும் என்றுதான் சட்டத்தைச் சுற்றி வரிசையாக ஓட்டை போட்டுவைத்திருக்கிறார்.

இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது அந்த ஒரு விஷயத்தைத்தான். பழைய நாற்காலி என்பது பிரிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள். அதில் இரண்டு ஆயுள் இருக்கிறது. மரச்சட்டம் நூறு வருடத்துக்கு, உட்காரும் பரப்பு இருபது முப்பது வருடத்துக்கு. கூரை வீட்டில் சுவர் அப்படியே இருக்க, ஓலையை மட்டும் அவ்வப்போது மாற்றுவார்கள் இல்லையா, அதே கணக்கு. மூட்டில் பூசிய பசை, மேலே தடவிய அரக்கு, ஓட்டையில் அடித்த முளை, பின்னிய பிரம்பு என எல்லாமே அடுத்தவர் வந்து சேதமில்லாமல் கழற்றக்கூடியவை. பாரம்பரிய முறை என்று நாம் சொல்வதன் அடிப்படை இதுதான். பழைய முறை என்பதால் அது உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை, திரும்பவும் பிரிக்க முடிகிறது என்பதால் சொல்கிறேன்.

இது எவ்வளவு தூரம் உண்மை என்பதற்கு ஒரு உதாரணம். சோழமண்டலக் கரையில் 17-ஆம் நூற்றாண்டில் கருங்காலியில் செதுக்கிய, பிரம்பு பின்னிய நாற்காலிகள் செய்து கப்பலேற்றினார்கள். அவற்றில் சில இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. நூறு வருடம் கழித்து ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர் அவற்றைப் பார்த்து, ஆங்கிலேய நாட்டின் பழைய டியூடர் மன்னர் காலத்துச் சாமான் என்றே நம்பி வாங்கிச் சேர்த்தார். டச்சுக்காரர்கள் காலத்தில் இலங்கையிலும் பட்டாவியாவிலும் (இன்றைய ஜகார்த்தா) செய்த ஆறுகால் வட்ட நாற்காலிகளும் அதே மாதிரிதான், இன்றும் அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. அவற்றின் பிரம்பு எத்தனையோ முறை மாறியிருக்கும். மரம் அதே மரம்.

பிரம்பு என்றால் என்ன, அது ஏன் உட்காருவதற்கு ஒத்துவருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மூங்கிலும் பிரம்பும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். மூங்கில் புல் குடும்பம், உள்ளே கூடு. பிரம்பு பனைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி, உள்ளே திடமானது, முள்ளைக் கொக்கியாக வைத்துக்கொண்டு காட்டு மரங்களின்மேல் ஏறிப்போவது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும், வடகிழக்கு மாநிலங்களிலும், அந்தமானிலும் வளர்கிறது, ஆனால் உலகத்துக்கே அதிகம் கொடுப்பது இந்தோனேசியா. அந்த நாடு 2012 முதல் கச்சாப் பிரம்பை வெளியே விற்பதை நிறுத்திவிட்டது. நாற்காலி பின்னுவதற்கு எடுப்பது கொடியின் மேல்தோல். அதைப் பட்டையாக உரித்து, ஒரே அகலமாகச் சீவியதைத்தான் இழை என்கிறோம். அந்தத் தோலில் சிலிக்கா இருப்பதால் வழவழவென்று மின்னும், தண்ணீர் சட்டென்று இறங்காது, சாயமோ பாலிஷோ எளிதில் பிடிக்காது. பலமெல்லாம் அந்த மின்னும் பக்கத்தில்தான். எனவே பின்னும்போது மினுமினுப்பு எப்போதும் மேலே இருக்க வேண்டும். வேலை முழுக்க இதை மறக்கக்கூடாது.

இங்கிலாந்தில் பிரம்பு நாற்காலி 1660-களில்தான் பரவியது. விற்பனை கூடக்கூட, நாற்காலி மெத்தைக்குக் கம்பளித் துணி விற்றவர்கள் அலறிப்போய், 1680-களின் கடைசியில் பிரம்பு நாற்காலியைத் தடைசெய்யச் சொல்லி நாடாளுமன்றம்வரை போனார்கள். நாற்காலிக்காரர்கள் கொடுத்த பதில், பிரம்பு இலேசானது, நீடித்து உழைக்கும், தூசி தங்காது, துணி நாற்காலியைப்போல் பூச்சி அண்டாது என்பது. குளிர்நாட்டுக்கே அது சரியான வாதம் என்றால் நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் கேட்கவே வேண்டாம். முதுகுக்கும் தொடைக்கும் கீழே காற்று போய்வருகிற இருக்கை, மின்விசிறி இல்லாத காலத்து அலுவலகங்களையும் வீட்டுத் திண்ணைகளையும் நிரப்பியதில் ஆச்சரியமே இல்லை.

முதலில் புரட்டிப் பாருங்கள்

நாற்காலியைக் கவிழ்த்து வைத்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உட்காரும் சட்டத்தைச் சுற்றி ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக ஓட்டைகள் இருந்தால் அது கையால் பின்னியது. ஓட்டையே இல்லாமல், சட்டத்தின் மேல்பக்கம் சுற்றிலும் ஒரு பள்ளம் மட்டும் ஓடி, அதற்குள் ஒரு தடித்த பிரம்புக் குச்சி இறுக்கமாக உட்கார்ந்திருந்தால், அது இயந்திரத்தில் நெய்து சுருளாக விற்கிற பிரம்பு விரிப்பை அழுத்திப் பொருத்தியது. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி தெரியும், வேலை முற்றிலும் வேறு. ஓட்டை உள்ள சட்டத்தில் விரிப்பை ஆணியடித்து ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டைகள் மூடிப்போகும், அடுத்தமுறை பின்ன வருபவர் தலையில் கைவைத்துக்கொள்வார்.

அடுத்தது உளுப்பு. குண்டூசித் தலை அளவு துளைகள் இருக்கின்றனவா, கீழே மாவு கொட்டுகிறதா என்று பாருங்கள். துளை இருப்பதாலேயே பூச்சி இப்போதும் இருக்கிறது என்று அர்த்தமில்லை, எப்போதோ வந்து போயிருக்கலாம். அடியில் ஒரு கறுப்புக் காகிதத்தை விரித்து ஒரு வாரம் விட்டால் தெரிந்துவிடும். புது மாவு விழுந்தால் முதலில் அதற்கு மருந்து பார்த்த பிறகுதான் மற்ற வேலை. தேக்கின் வைரத்தைப் பூச்சி பெரும்பாலும் தொடாது, வெளுத்த வெளிப்பகுதியைத்தான் தின்னும். பிரம்பையும் அது விடாது என்பதால் சோம்பல்படாமல் இதைச் செய்துவிடுங்கள்.

பின்பக்கக் கால்களைப் பிடித்து இலேசாக ஆட்டிப் பார்த்தால் எந்த மூட்டு தளர்ந்திருக்கிறது என்று சத்தமே காட்டிக்கொடுக்கும். ஆடும் மூட்டோடு பின்னல் வேலையில் இறங்குவது வீண் உழைப்பு. காய்ந்த பிரம்பு நான்கு பக்கமும் இழுக்கும், அந்த இழுப்பைத் தாங்கச் சட்டம் கட்டுக்கோப்பாக இருக்க வேண்டும். எனவே வரிசை எப்போதும் இதுதான்: மூட்டு, பாலிஷ், கடைசியாகப் பிரம்பு.

மூட்டும் வஜ்ஜிரமும்

பழைய நாற்காலியில் ஒரு கட்டையில் துளை, இன்னொரு கட்டையில் அதற்குள் நுழையும் நாக்கு, இரண்டுக்கும் நடுவில் வஜ்ஜிரம். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை அது. இன்று ஆசாரிகளில் பலரும் வெள்ளைப் பசைக்கு மாறிவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, டப்பாவைத் திறந்தால் வேலை முடிந்தது. ஆனால் பழைய சாமானைச் சரிசெய்வதற்கு வஜ்ஜிரத்தை மிஞ்ச ஆளில்லை. சூடும் ஈரமும் பட்டால் அது இளகும், எத்தனை வருடம் ஆனாலும். அதனால் மூட்டைக் கழற்ற வேண்டுமானால் கொதிநீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றிச் சிறிது நேரம் வைத்து, மரத்துண்டை அணைகொடுத்து, கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) மெல்லத் தட்டினால் போதும். பாலிஷ் கடையில் விற்கும் ஸ்பிரிட்டை இரண்டு சொட்டு மூட்டுக்குள் விட்டாலும் பசையின் ஈரம் போய் மொறுமொறுவென்று உடைந்து பிரியும். ஸ்பிரிட் மேலே இருக்கும் பழைய பாலிஷையும் கரைக்கும் என்பதால் வழியாமல் விட வேண்டும்.

வஜ்ஜிரத்தின் இன்னொரு குணம், புதுப் பசை பழைய பசையோடு கலந்து ஒட்டிக்கொள்ளும். வெள்ளைப் பசை அப்படியில்லை, காய்ந்த வெள்ளைப் பசைமேல் மறுபடி அதையே தடவினால் பிடிக்காது, மூட்டை முழுக்கச் சுரண்டி வெறும் மரத்துக்கு வந்தாக வேண்டும். அப்படிச் சுரண்டும்போது நாக்கு மெலிந்து, மூட்டு இன்னும் லொடலொடத்துப் போகும். இதனால்தான் தளர்ந்த மூட்டுக்குள் வெள்ளைப் பசையை ஊற்றிக் கட்டிவைக்கும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

காய்ச்சும் விதம் இப்படி. பசைக் கட்டியை உடைத்துக் குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்தால் காலையில் கொழகொழவென்று உப்பியிருக்கும். அந்தப் பாத்திரத்தைச் சுடுதண்ணீர் உள்ள இன்னொரு பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும், நேரடியாக அடுப்பில் வைக்கக்கூடாது. 60 டிகிரி செல்சியஸ் பக்கம் நின்றால் போதும். கொதிக்கவிட்டால் பசையின் பலம் போய்விடும். தூரிகையால் தூக்கினால் அறுபடாமல் நூலாக ஒழுகுகிற பதம் வர வேண்டும். மரத்தையும் கொஞ்சம் சூடுகாட்டிவிட்டு இரண்டு பக்கமும் தடவி, சடசடவென்று பொருத்திவிட வேண்டும். ஆறினால் இறுகிவிடும், யோசிக்க நேரம் கிடைக்காது. வாடை கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும், ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

இறுக்கிப் பிடிக்க விலையுயர்ந்த கிளாம்ப் எதுவும் வேண்டாம். சணல் கயிற்றை நான்கு கால்களையும் சுற்றி இரண்டு சுற்றாகக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் அசைய முடியாத அளவுக்கு இறுகும். கயிறு மரத்தில் பதியாமல் இருக்கத் துணி மடித்து வையுங்கள். முறுக்கியதும் நாற்காலியைச் சமதரையில் நிறுத்தி நான்கு காலும் ஊன்றுகிறதா என்றும், சட்டத்தின் மூலைக்கு மூலை இரண்டு அளவும் ஒன்றுபோல் வருகிறதா என்றும் பார்த்துவிட்டு ஒருநாள் முழுக்க அப்படியே விட்டுவிட வேண்டும்.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பாகத்திலும் சுண்ணக்கட்டியால் எண் போட்டுக்கொள்ளுங்கள். உறுதியாக இருக்கும் மூட்டைத் தொடவே வேண்டாம். நடுவில் யாரோ அடித்த ஆணி ஒளிந்திருந்தால், அதைத் தோண்டி எடுத்த பிறகே தட்ட வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு பிளந்துவிடும். பழைய நாற்காலிகளில் நான் மிகவும் வெறுப்பது இந்த ஆணிகளைத்தான்.

அரக்கைச் சுரண்டாதீர்கள்

பழைய சாமான் கையில் கிடைத்ததும் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பிப்பதுதான் எல்லாரும் செய்வது. வேண்டாம். கறுத்திருப்பதில் பாதி அழுக்கும் தலையெண்ணெயும்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு கலந்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்திப் பாருங்கள். நூறு வருடம் கைபட்டு வந்த நிறத்தை உப்புத்தாள் பத்து நிமிடத்தில் எடுத்துவிடும், அதை எந்தப் பாலிஷும் திரும்பக் கொண்டுவராது.

துடைத்த பிறகு, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகினால் அது அரக்கு பாலிஷ். அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசின்தான் மூலப்பொருள். நம் நாட்டில் ஜார்க்கண்ட் பக்கம்தான் அதிகம் கிடைக்கிறது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் அரக்குச் சிம்பு போட்டு மூடிவைத்தால் ஓரிரு நாளில் கரையும். பஞ்சை வெள்ளைத் துணியில் சுற்றிப் பந்தாக்கி, அதில் தொட்டு, நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசுவதைவிட மெல்லிசாகப் பலமுறை பூசுவதே மேல். புதுப் பூச்சில் உள்ள ஸ்பிரிட் பழைய பூச்சின் மேல்பரப்பை இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது, அதனால் கீறல் விழுந்த இடத்தில் மட்டும் பூசினாலும் ஒட்டுப்போட்டது தெரியாது. சூடான தம்ளரை வைத்தால் வெள்ளையாகத் தடம் விழும் என்பது அரக்கின் குறை, ஒத்துக்கொள்கிறேன். அதையும் கொஞ்சம் ஸ்பிரிட்டால் துடைத்தே சரிசெய்யலாம். வேலை செய்யும் அறையில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது. ஈட்டி மரமாக இருந்து எங்காவது தேய்க்க நேர்ந்தால் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், அதன் தூள் பலருக்கும் ஒத்துக்கொள்ளாது.

இனிப் பின்னல்

பழைய பிரம்பைச் சட்டத்தின் ஓரமாக வெட்டி ஒரே துண்டாக எடுத்துப் பத்திரமாக வையுங்கள், சந்தேகம் வரும்போதெல்லாம் அதுதான் வழிகாட்டி. ஓட்டைகளில் சிக்கியிருக்கும் துணுக்குகளையும் முளைகளையும் முனை மழுங்கிய ஆணியால் கீழிருந்து தட்டி எடுக்கலாம். ஓட்டையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றுங்கள். இழை அறுவதே பெரும்பாலும் அந்த விளிம்பில்தான்.

இழையின் அகலத்தை ஓட்டைகளின் இடைவெளிதான் முடிவு செய்கிறது. ஓட்டைக்கு ஓட்டை நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 12 அல்லது 13 மில்லிமீட்டர் வந்தால் இரண்டேகால் மில்லிமீட்டர் இழை, 16 வந்தால் இரண்டரை, 19 வந்தால் மூன்று மில்லிமீட்டர். இதைவிடத் தடித்ததை எடுத்தால் கடைசி இழைகளுக்கு ஓட்டையில் இடமே இருக்காது. ஒரு சாதாரண இருக்கைக்கு ஏறக்குறைய 75 மீட்டர் பிடிக்கும். பின்னுவதற்கு முன் இழையைச் சாதாரணத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் வளையும். மணிக்கணக்கில் ஊறினால் கறுத்துப்போகும் என்பதால், இரண்டு மூன்று இழையாக ஊறவைத்து, எடுத்ததை ஈரத்துணியில் சுற்றிவைத்துக்கொள்வது நல்லது. வேறு ஆயுதம் என்று பார்த்தால் ஒரு குத்தூசி, ஒரு கத்தி, சீவிய மூங்கில் முளைகள் ஒரு கைப்பிடி.

ஆறு அடுக்கு இழை, கடைசியில் ஒரு ஓரப்பட்டை, அவ்வளவுதான் மொத்தப் பின்னலும். முதல் அடுக்கு பின்னாலிருந்து முன்னால். பின்சட்டத்தின் நடு ஓட்டையையும் முன்சட்டத்தின் நடு ஓட்டையையும் எண்ணிக் கண்டுபிடித்து, பின்னால் இழையை மேலிருந்து விட்டு, அடியில் ஒரு சாண் தொங்கவிட்டு, முளையால் அடைத்துக்கொள்ளுங்கள். இழையை நேராக முன்னுக்குக் கொண்டுவந்து எதிர் ஓட்டையில் இறக்கி, அடிவழியே பக்கத்து ஓட்டைக்கு ஏற்றி, திரும்பவும் பின்னுக்கு. இப்படியே ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். ரொம்ப இழுக்காதீர்கள், விரலால் அழுத்தினால் கொஞ்சம் தழைய வேண்டும். மேலே இன்னும் ஐந்து அடுக்கு வரப்போகிறது, அவை ஒவ்வொன்றும் இறுக்கிக்கொண்டே போகும். பெரும்பாலான நாற்காலிகளில் முன்பக்கம் பின்பக்கத்தைவிட அகலம் என்பதால் முன்னால் ஓட்டைகள் மிச்சமிருக்கும். அவற்றிலிருந்து வரும் இழைகளைப் பக்கச் சட்டத்து ஓட்டைகளில் முடித்துக்கொள்ளலாம், எந்த ஓட்டை என்பதைவிட இழைகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதுதான் முக்கியம்.

இரண்டாவது அடுக்கு இடமிருந்து வலம், முதல் அடுக்கின் மேலேயே சும்மா படுத்திருக்கும், எதையும் கோக்க வேண்டியதில்லை. மூன்றாவது அடுக்கு மறுபடி பின்னாலிருந்து முன்னால், அதே ஓட்டைகளில், ஆனால் முதல் இழைக்குக் கொஞ்சம் வலப்பக்கமாக ஒட்டி. இதுவரை கோப்பதே கிடையாது, மூன்று அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன, ஒரு குழந்தை செய்துவிடும்.

நான்காவதில்தான் வேலை தொடங்குகிறது. இந்த இழையும் இடமிருந்து வலம்தான், இரண்டாவது அடுக்கின் இழைக்குப் பக்கத்தில். ஒவ்வொரு ஜோடியிலும் முதல் அடுக்கின் இழைக்கு அடியிலும் மூன்றாம் அடுக்கின் இழைக்கு மேலும் போக வேண்டும். இப்படி ஒரு வரிசை போய்விட்டுப் பார்த்தால், தனித்தனியாகக் கிடந்த அடுக்குகள் திடீரென்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும், துணி நெசவில் போல ஒன்று மேலே ஒன்று கீழே. இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது. நான்கைந்து ஜோடிகளுக்கு மேல் ஒரேயடியாகக் கோத்து இழுத்தால் இழை முறுகும், அதன் ஓரம் அடுத்த இழையை அறுக்கும். ஒரு கை மேலே, ஒரு கை அடியில், அடியில் உள்ள விரல் இழையின் முனையைத் தேடி மேலே தள்ளிவிட வேண்டும். மினுமினுப்புப் பக்கம் புரண்டிருக்கிறதா என்பதை விரலே சொல்லிவிடும், வழவழப்பா சொரசொரப்பா என்று.

முடித்ததும் ஈரம் காயும் முன் குத்தூசியால் ஜோடி ஜோடியாக நெருக்கி, நடுவில் சின்னச் சின்னச் சதுரங்கள் ஒரே அளவில் வருமாறு ஒழுங்கு செய்யுங்கள். இதைச் சலிக்காமல் செய்தவருக்குத்தான் அடுத்த இரண்டு அடுக்கு சுலபமாகப் போகும்.

ஐந்தாவது அடுக்கு மூலைவாட்டில். மூலை ஓட்டையில் தொடங்கி எதிர் மூலையை நோக்கி, குறுக்கு ஜோடிக்கு மேலே, நெடுக்கு ஜோடிக்குக் கீழே. ஆறாவது அடுக்கு எதிர்த்திசை மூலைவாட்டில், அதில் எல்லாம் தலைகீழ்: குறுக்கு ஜோடிக்குக் கீழே, நெடுக்கு ஜோடிக்கு மேலே. எந்த மூலையிலிருந்து எது என்று குழப்பம் வந்தால் இழையையே கேளுங்கள். சரியாகப் போனால் அது ஜோடிகளின் சந்திப்பில் உள்ள இடுக்குக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். தப்பாகப் போனால் ஒவ்வொரு சந்திப்பிலும் தடுக்கும், இழுக்கும்போது கரகரக்கும், ஓரம் பிசிறடிக்கும். அப்படித் தடுக்கினால் உடனே உருவி எதிர் முறையில் போட்டுப் பாருங்கள். மூலை ஓட்டைகளில் மட்டும் மூலைவாட்டு இழைகள் இரண்டு சேர்ந்து இறங்கும், அது தவறில்லை. இரண்டும் முடிந்ததும் சதுரங்களெல்லாம் எண்கோணங்களாக மாறியிருக்கும். நாம் சின்ன வயதிலிருந்து பார்த்த அந்தப் பின்னல் கடைசி இழையில்தான் முழுசாகத் தெரிகிறது.

தொங்கும் முனைகளை அடிப்பக்கம் பக்கத்து வளையத்தில் இரண்டு சுற்று சுற்றி இழுத்து நறுக்கிவிடலாம். ஈரமாக இருக்கும்போது சுற்றினால் காய்ந்ததும் அவிழவே அவிழாது. ஏழாவதாக ஓரப்பட்டை: கொஞ்சம் அகலமான இழையை ஓட்டைகளை மறைத்துச் சுற்றிலும் வைத்து, மெல்லிய இழையை ஓட்டைவிட்டு ஓட்டை கீழிருந்து ஏற்றி, பட்டைமேல் தாண்டி, அதே ஓட்டையில் இறக்கிக் கட்டிக்கொண்டே போக வேண்டும். கட்டு வராத ஓட்டைகளில், பட்டையை வைப்பதற்கு முன்பே முளை அடித்து மட்டமாக நறுக்கிவிடுவார்கள். இரண்டு நாள் காயவிட்டு நகத்தால் சுண்டினால் டங்கென்று ஒலிக்கும்.

புதிதாகக் கற்பவருக்கு ஒரு இருக்கை பல நாட்களின் மாலை நேரத்தை வாங்கிக்கொள்ளும். முதலில் ஒரு சின்னச் சதுர முக்காலியில் பழகினால், சட்டம் கோணலாக இருப்பதன் தொல்லை இல்லாமல் ஆறு அடுக்கும் கைக்கு வந்துவிடும். இந்த வேலைக்குக் கண்ணைவிட விரல்தான் முக்கியம் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. நம் நாட்டில் பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலி பின்னல் நெடுங்காலம் தொழிற்கல்வியாகக் கற்பிக்கப்பட்டது. பார்வையற்றோருக்கென்று அரசு அடையாளம் கண்ட பணிகளில் இதுவும் ஒன்று. அலுவலகங்களில் நாம் உட்கார்ந்து எழுந்த எத்தனையோ பிரம்பு இருக்கைகள் அவர்கள் பின்னியவை. நீங்களே பின்ன நேரமில்லையென்றால், இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் உங்கள் ஊரில் இருக்கிறார்களா என்று விசாரித்து அவர்களிடம் கொடுங்கள். மணிக்கணக்கில் குனிந்து செய்கிற வேலை இது, கூலியில் பேரம் பேசாதீர்கள்.

குஷன் வைத்த நாற்காலி என்றால்

குஷன் நாற்காலியிலும் இதே கதைதான். இன்றைய குஷன் வேலை பலகைமேல் நுரைத் துண்டை ஒட்டி, மேலே ரெக்சினை இழுத்து ஸ்டேப்ளர் பின் அடிப்பது. நுரை சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும், அதற்கு வைத்தியம் கிடையாது. பழைய முறையில் சட்டத்தின் குறுக்கும் நெடுக்குமாகத் தடித்த நாடாவைப் பின்னி இழுத்து, அதன்மேல் சாக்குத் துணி, அதன்மேல் குதிரைமயிர் அல்லது தேங்காய் நார், மேலே மெல்லிய பஞ்சு, வெள்ளைத் துணி, கடைசியாக மேலுறை. ஸ்பிரிங் இருந்தால் ஒவ்வொன்றையும் எட்டுத் திசையிலும் சணலால் கட்டியிருப்பார்கள். நம் தேங்காய் நார் இங்கிலாந்து நாற்காலிகளுக்குள்ளும் இருந்திருக்கிறது.

பிரிக்கும்போது போட்ட வரிசைக்கு நேர் தலைகீழாகப் போக வேண்டும், ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்துக்கொண்டு. ஆணிகளை மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே நெம்பி எடுங்கள், குறுக்கே நெம்பினால் சட்டம் சிம்பு சிம்பாகப் பெயரும். உள்ளே இருக்கும் குதிரைமயிரைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்! வெளியே எடுத்து உதறி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் காயவைத்து, கையால் பிய்த்துவிட்டால் பழையபடி உப்பிக்கொள்ளும், இன்னொரு ஆயுளுக்கு உழைக்கும். தேங்காய் நார் எல்லாச் சமயத்திலும் அப்படி மீளாது, நைந்து தூளாகியிருந்தால் புது நார் போடுவதே நல்லது. சட்டத்தின் ஓரம் பல தலைமுறை ஆணிகளால் சல்லடையாகியிருந்தால் மரத்தூளையும் வஜ்ஜிரத்தையும் குழைத்து அடைத்துக் காயவிட்டு அடிக்கலாம். காலுக்கும் சட்டத்துக்கும் ஆகும் மற்ற வேலையெல்லாம் மேலே சொன்னதேதான்.

பின்னிய பிறகு

பிரம்பில் முழுதாக உட்கார்ந்தால் எடை எல்லா இழைகளுக்கும் பரவும். முழங்காலை ஊன்றினாலோ, பரண் எட்ட ஏறி நின்றாலோ நடுவில் நாலைந்து இழைகள்மேல் மொத்த எடையும் இறங்கும், பெரும்பாலான இருக்கைகள் அறுவது இப்படித்தான். வெயில் நேராக விழும் இடத்திலும் ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்திலும் போட்டால் பிரம்பு காய்ந்து நொறுங்கத் தொடங்கும். மாதத்துக்கு ஒருமுறை அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். அடிப்பக்கம் தோல் இல்லாத பக்கம், தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

சில வருடம் கழித்து நடுவில் குழிந்துவிட்டால் பயப்பட வேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்து, சுடுதண்ணீரில் நனைத்த துணியை அடியில் விரித்து அரை மணி நேரம் வைத்துவிட்டு, நிழலில் ஒருநாள் முழுக்க யாரும் உட்காராமல் காயவிடுங்கள், இழுத்துக்கொண்டு பழைய நிலைக்கு வரும். நடுவில் ஓரிரு இழை மட்டும் அறுந்திருந்தால் அடிவழியாகப் புது இழையைக் கோத்துச் சமாளிக்கலாம். சட்டத்தின் ஓரமாக ஓட்டைகளுக்குப் பக்கத்தில் வரிசையாக அறுந்திருந்தால் ஒட்டுப்போடப் பார்க்காதீர்கள், முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு முதல் அடுக்கிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.